பரண் மேல இருந்த பேன்ஜோ

கொஞ்ச நாளா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஒரு ரிலீஸ் முடிஞ்சா அடுத்தது ரெடியா நிக்குது. போன மாசம்தான் ஒரு வழியா நாலு நாள் லீவைச் சேர்த்துப் போட்டு ஊருக்குப் போயிட்டு வந்தேன். ஊருன்னா சின்னமனூர். தேனியிலிருந்து கம்பம் போற ரோட்டுல, முல்லைப்பெரியாறு தண்ணி பாயுற ஊரு. வயலும் தென்னந்தோப்பும் தாண்டி நிமிர்ந்து பார்த்தா மேற்குல மலை.

அம்மாச்சி வீட்டுல ஓடு மாத்துற வேலை நடந்துக்கிட்டு இருந்துச்சு. பரணைக் காலி பண்ணணும்னு மாமா என்னை மேல ஏத்தி விட்டுட்டாரு. பித்தளை அண்டா, ஒடைஞ்ச முக்காலி, பழைய பாடப் புத்தகம்னு ஒவ்வொண்ணா எறக்கிக்கிட்டே வந்தா, ஒரு மூலையில கோணிச்சாக்குல சுத்துன ஒரு மரப்பெட்டி. ரெண்டடி நீளம் இருக்கும். மேல துருப்பிடிச்ச கம்பிங்க. ஒரு பக்கம் டைப்ரைட்டர் மாதிரி வரிசையா பொத்தான். பாதி பொத்தான் அமுங்கவே இல்ல.

"இது என்ன மாமா?"

"அதுவா... புல்புல்தாரா. பேன்ஜோன்னும் சொல்வாய்ங்க. அங்கிட்டு ஓரமா வையி மாப்ள."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. காரணம் இருக்கு. ஆறு மாசமா நான் ஒரு பேன்ஜோ வாங்கலாம்னு அலைஞ்சுக்கிட்டு இருக்கேன். நான் சொல்றது அமெரிக்கா பேன்ஜோ. வட்டமா ஒரு தோல் முகம், அதிலிருந்து நீட்டிக்கிட்டு ஒரு கழுத்து, அஞ்சு கம்பி. ராத்திரி தூக்கம் வராம யூட்யூப்ல சுத்திக்கிட்டு இருந்தப்ப ஒருத்தர் வாசிச்சதைக் கேட்டு மாட்டிக்கிட்டேன். அது எங்க, இந்த டைப்ரைட்டர் பொட்டி எங்க? "இதுவா மாமா பேன்ஜோ?"ன்னு கேட்டுச் சிரிச்சேன். மாமா ஒண்ணும் சொல்லல. அந்தப் பெட்டியை என் கையில இருந்து வாங்கிக்கிட்டுப் போய் அவரு சைக்கிள் கடையில வச்சுட்டாரு.

அன்னைக்கு ராத்திரி அதுக்கு எதுக்கு அந்தப் பேருன்னு தேட ஆரம்பிச்சேன். பேன்ஜோவோட கதையையும் இந்தப் பொட்டியோட கதையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தப்ப, நான் சிரிச்சது எவ்வளவு அபத்தம்னு புரிஞ்சது. அதைத்தான் இங்க எழுதப் போறேன். கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு காபியோட உக்காருங்க :)

சொரைக்குடுக்கையில ஆரம்பிச்ச கதை

பேன்ஜோன்னா அமெரிக்க மலைக்கிராமத்து வெள்ளைக்கார விவசாயி வாசல்ல உக்காந்து வாசிக்கிறதுன்னு ஒரு படம் நம்ம மனசுல இருக்கும். உண்மையில அது ஆப்பிரிக்கா வழியா வந்த வாத்தியம். செனகல், காம்பியா பக்கத்துல ஜோலா இன மக்கள் இன்னைக்கும் 'அகோன்டிங்'னு ஒண்ணு வாசிக்கிறாங்க. சொரைக்குடுக்கையை வெட்டி, தோலை இழுத்து மூடி, ஒரு குச்சியைச் செருகி, கம்பி கட்டுனது. அடிமைகளாப் பிடிச்சுட்டுப் போனவங்க கையில எதையும் கொண்டுபோக முடியாது. ஆனா செய்யத் தெரிஞ்ச கை போச்சு. கரீபியன் தீவுகள்ல கெடைச்ச குடுக்கையையும் தோலையும் வச்சு அங்கேயே மறுபடி செஞ்சாங்க. 1687லிருந்து 1689 வரைக்கும் ஜமைக்காவுல இருந்த ஹான்ஸ் ஸ்லோன்ங்கிற மருத்துவர் இதைப் பார்த்து எழுதி வச்சிருக்காரு. 1707ல வந்த அவரோட புத்தகத்துல படமே இருக்கு.

அதாவது, பேன்ஜோ பொறந்ததே 'கையில காசு இல்லாதவன் செஞ்ச வாத்தியம்'ங்கிற கணக்குலதான்.

அப்புறம் வந்தது கசப்பான கட்டம். 1830கள்ல ஜோயல் ஸ்வீனி மாதிரி வெள்ளைக்கார ஆட்கள் இதைக் கத்துக்கிட்டு மேடை ஏறுனாங்க. 1843ல நியூயார்க்ல 'வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ்' குழு ஆரம்பிச்சதுக்கப்புறம், மூஞ்சில கரியைப் பூசிக்கிட்டு கறுப்பின மக்களைக் கேலி பண்ற நாடகத்துக்கு பேன்ஜோதான் அடையாளம். வாத்தியத்தையும் எடுத்துக்கிட்டு, செஞ்சவனையே கிண்டலும் பண்ணியாச்சு. அதே 1840கள்ல பால்டிமோர்ல வில்லியம் பௌச்சர்னு ஒரு டிரம் செய்றவரு, குடுக்கைக்குப் பதிலா டிரம் மாதிரி மரவளையம் வச்சு, இரும்புக் கொக்கி போட்டுத் தோலை இறுக்குற மாதிரி செய்ய ஆரம்பிச்சாரு. இது முக்கியமான திருப்பம். குடுக்கை ஒவ்வொண்ணும் ஒரு சைஸ்ல காய்க்கும். மரவளையத்தை ஒரே அளவுல நூறு செய்யலாம்.

அங்கிருந்து பட்டறை, பட்டறையிலிருந்து தொழிற்சாலை. கழுத்துல மெட்டு பதிக்கிற வழக்கமும் பின்னாடிதான் வந்தது. பழைய பேன்ஜோவுக்கு மெட்டே கிடையாது, வயலின் மாதிரி வழுவழுன்னு இருக்கும். இதை ஞாபகம் வச்சுக்கங்க, கடைசியில தேவைப்படும். 19ஆம் நூற்றாண்டு முடியறப்ப சியர்ஸ் ரோபக் மாதிரி தபால் வழி விக்கிற கம்பெனிகளோட கேட்டலாக்ல மலிவு பேன்ஜோ இடம் பிடிச்சாச்சு. மலைக்கிராமத்துக்காரன் காசு அனுப்புனா ரயில்ல வந்து சேரும். நம்ம மனசுல இருக்குற அந்த 'வாசல்ல உக்காந்த விவசாயி' படத்துக்குப் பின்னாடி இப்படி ஒரு கேட்டலாக்கும் உண்டு.

20ஆம் நூற்றாண்டுல கிடார் வந்து பேன்ஜோவை ஓரங்கட்டிருச்சு. பீட் சீகர் மாதிரி ஆளுங்க அதை மறுபடி எடுத்தாங்க. 1948ல அவரு அஞ்சு கம்பி பேன்ஜோ கத்துக்க ஒரு புத்தகமே போட்டாரு. கத்துக்க ஆசைப்பட்டவங்க பெருகப் பெருக ஒரு சிக்கல். பழைய நல்ல பேன்ஜோ எல்லாம் சேகரிக்கிறவங்க கையில, யானை விலை. பாஸ்டன்ல ஃபேர்பேங்க்ஸ் கம்பெனி 1901ல கொண்டுவந்த 'வைட் லேடி' மாதிரி மாடலை ஒரு காலேஜ் பையன் எப்படி வாங்குவான்?

இதுக்குப் பதில் சொன்னவங்கள்ல ஒருத்தர் கலிபோர்னியாவுல க்ரெக் டீரிங். 1975ல மனைவி ஜேனட்டோட சேர்ந்து கம்பெனி ஆரம்பிச்சவரு. 1990களோட பின்பாதியில 'குட்டைம்'னு ஒரு மாடல் போட்டாரு. மேப்பிள் மரம், பின்பக்கம் மூடாம பழைய பாணியில திறந்தே இருக்கும், முத்துச்சிப்பி அலங்காரம் எதுவும் கிடையாது. எதையெல்லாம் எடுத்தா சத்தம் கெடாதோ அதையெல்லாம் எடுத்துட்டாங்க. எங்க பாஷையில சொன்னா தேவையில்லாத ஃபீச்சரைத் தூக்கிட்டு, மெயின் ஃபங்ஷனைத் தொடாம விட்டது. ஃப்ளோரிடாவுல 1993ல ஆரம்பிச்ச கோல்டு டோன் மாதிரி கம்பெனிகளும் இந்த ரூட்ல வந்தாங்க. நான் வாங்க நினைச்சது குட்டைம் ரகம்தான். அங்க சில நூறு டாலர், அங்க அதுதான் 'மலிவு'. கப்பல் செலவு, வரி எல்லாம் போட்டு நம்ம கைக்கு வர்றப்ப பெங்களூர்ல என் ஒரு மாச வாடகையைத் தாண்டிரும்.

இன்னொரு பக்கமும் நடந்தது. கறுப்பின இசைக்காரங்க இந்த வாத்தியத்தைத் திரும்பக் கேட்டாங்க. 2005ல வட கரோலினாவுல பூன்ங்கிற ஊர்ல கறுப்பின பேன்ஜோக் கலைஞர்களோட கூடுகை ஒண்ணு நடந்தது. அந்தச் சந்திப்பிலிருந்து 'கரோலினா சாக்லேட் டிராப்ஸ்' குழு பொறந்தது. அதுல இருந்த ரியானன் கிடன்ஸ் வாசிக்கிறது 1858ஆம் வருஷத்து பேன்ஜோ ஒண்ணோட நகல். மெட்டு இல்லாதது. 2024ல பியான்சேவோட 'டெக்ஸஸ் ஹோல்டெம்' பாட்டு உலகம் முழுக்க ஓடுச்சே, அதுல கேக்குற பேன்ஜோ இவங்க வாசிச்சதுதான். கேலிக்கு ஆன வாத்தியம் நூத்தி எண்பது வருஷம் கழிச்சு உரியவங்க கைக்கு வந்த மாதிரி.

நகோயாவிலிருந்து ஒரு டைப்ரைட்டர்

சரி, மாமாவோட பொட்டிக்கு வருவோம். இதுக்கும் அமெரிக்க பேன்ஜோவுக்கும் ரத்த சம்பந்தமே இல்ல. இது ஜப்பான் சரக்கு!

நகோயா நகரத்துல மொரிடா கோரோன்னு ஒருத்தர். அவரு வாசிச்சது 'நிகென்கின்'ங்கிற பழைய வாத்தியம். நீளமான பலகை, ரெண்டே கம்பி. வெளிநாடு போனப்ப டைப்ரைட்டரைப் பார்த்தாரு, அதிலிருந்துதான் யோசனை வந்துச்சுன்னு சொல்வாங்க. 1912ல அந்தப் பழைய ரெண்டு கம்பிப் பலகை மேல பொத்தான் வரிசையை ஏத்திட்டாரு. பொத்தானை அமுக்குனா அது கம்பியைக் கீழ இருக்குற மெட்டு மேல அழுத்தும். எந்த இடத்துல விரல் வைக்கணும்னு வருஷக்கணக்காப் பழக வேண்டியதில்ல. இடது கை பொத்தான், வலது கை மீட்டு. ஒரே நாள்ல ஒரு பாட்டு வந்துரும். அந்த வருஷம்தான் ஜப்பான்ல தைஷோ மன்னர் ஆட்சி ஆரம்பிச்சது. அதனால 'தைஷோகோட்டோ'ன்னு பேரு. கோட்டோங்கிறது ஜப்பானோட பெரிய, விலை உசந்த வாத்தியம். அது வீட்டுல இல்லாதவங்களுக்கு இது.

பழைய வடிவம், புது யந்திரம், கம்மி விலை. குட்டைம் பேன்ஜோவுக்கு எண்பது வருஷம் முன்னாடியே அதே யோசனை!

ஜப்பான் சரக்கு கப்பல் ஏறி எங்கெல்லாம் போச்சோ அங்கெல்லாம் இதுவும் போச்சு. கென்யாவுல மொம்பாசா கடற்கரை ஊர்கள்ல தாராப் இசைக்குள்ள 'தைஷோகோட்டோ'ங்கிற பேரோடவே நுழைஞ்சது. பலுசிஸ்தான்ல அதைப் பெருசா நீளமா மாத்திக் கட்டி, 'பென்ஜு'ன்னு பேர் வச்சு, தங்களோட சொந்த வாத்தியமாவே ஆக்கிட்டாங்க. பிலாவல் பெல்ஜியம்னு ஒரு மேதை அதுல இருந்திருக்காரு. கேட்டுப் பாருங்க, பொம்மைன்னு யாரும் சொல்ல முடியாது. 'பென்ஜு'ங்கிற பேரே பேன்ஜோதான்.

இந்தியாவுல இதுக்கு வச்ச அழகான பேரு 'புல்புல் தரங்'. புல்புல் பறவையோட அலைகள்னு அர்த்தம். நம்ம பக்கம் அது புல்புல்தாரான்னு ஆகிப்போச்சு. கூடவே 'பேன்ஜோ'ன்னும் ஒரு பேரு ஒட்டிக்கிச்சு. ரெண்டுமே டிங்கு டிங்குன்னு ஒலிக்கிற கம்பி வாத்தியம், அதுக்கு மேல சம்பந்தம் இல்ல. மும்பையில இன்னைக்கும் கணபதி ஊர்வலத்துக்கு 'பேன்ஜோ பார்ட்டி'ன்னுதான் கூப்பிடுவாங்க. முன்னாடி ஒருத்தர் கழுத்துல மாட்டி வாசிச்சிக்கிட்டுப் போறது இதே பொட்டிதான், என்ன, மின்சாரம் கொடுத்து ஸ்பீக்கர்ல அலற விட்டிருப்பாங்க. 2016ல ரித்தேஷ் தேஷ்முக் நடிச்சு 'பேன்ஜோ'ன்னு ஒரு ஹிந்திப் படமே வந்தது. ஆக, மாமா சொன்ன பேரு தப்பே இல்ல. நான் சிரிச்சதுதான் தப்பு.

பள்ளத்தாக்குல வாத்தியம் யார் கையில இருந்தது?

மறுநாள் கடைக்குப் போய் மாமாகிட்ட மெதுவா ஆரம்பிச்சேன். ஜப்பான் கதையைச் சொன்னேன். "ஜப்பானா? நான் வீரபாண்டி திருவிழாவுல வாங்குனதுடா"ன்னாரு. சித்திரை மாசம் கௌமாரியம்மன் கோயில் திருவிழா. ராட்டினம், வளையல் கடை, அல்வாக் கடைக்கு நடுவுல ஒரு வடக்கத்தி ஆள் இதைக் கையில வச்சு சினிமாப் பாட்டு வாசிச்சுக்கிட்டே வித்திருக்கான். 1979. மாமாவுக்கு அப்ப பத்தொம்பது வயசு. போடி மெட்டுல ஏலக்காய்த் தோட்டத்துல ரெண்டு மாசம் வேலை பாத்துச் சேத்த காசு.

"வேற எதுவும் வாங்கணும்னு தோணலையா மாமா?"

"எனக்கு ஆர்மோனியப்பொட்டிதான்டா ஆசை. அதுக்கு எங்க போறது?"

அந்த ஆசைக்கு ஒரு காரணம் இருக்கு. சின்னமனூர்ல இருந்து உத்தமபாளையம் தாண்டி கொஞ்ச தூரம் போனா பண்ணைப்புரம். இளையராஜா ஊரு. 1976ல 'அன்னக்கிளி' வந்தப்ப இந்தப் பள்ளத்தாக்குல வயசுப் பசங்களுக்கு என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. நம்ம பஸ் போற ரோட்டுல இருந்து ஒருத்தர்! அதுக்கும் முன்னாடி அவங்க அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகள்ல ஆர்மோனியத்தோட பாடிக்கிட்டு இருந்தவரு. 1958ல மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல தேவிகுளம் இடைத்தேர்தல் நடந்தது. ரோசம்மா புன்னூஸ் நின்ன தேர்தல். தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்கள் மத்தியில பாவலர் பாடிப் பிரச்சாரம் பண்ணாரு, கட்சி ஜெயிச்சது. பின்னாடி தம்பிகளும் சேர்ந்து 'பாவலர் பிரதர்ஸ்'னு ஊர் ஊராப் போனாங்க. எங்க ஊர்ப் பக்கம் பெருசுங்க பலர் வாத்தியத்தைக் கிட்டத்துல பார்த்ததே அந்த மாதிரி மேடைகள்லதான்.

அந்த ஆர்மோனியமும் இதே மாதிரி ஒரு 'மலிவு வடிவம்'தாங்கிறதுதான் வேடிக்கை. பாரிஸ்ல அலெக்சாந்தர் தெபெய்ன் 1840கள்ல செஞ்ச ஆர்மோனியம் மேஜை சைஸ். நாற்காலியில உக்காந்து கால்ல மிதிச்சு வாசிக்கணும். கல்கத்தாவுல துவாரகாநாத் கோஷ் 19ஆம் நூற்றாண்டோட கடைசியில அதைச் சுருக்கி, காலுக்குப் பதிலா கையால துருத்தி போடுற பொட்டியா மாத்துனாரு. தரையில உக்காந்து வாசிக்கலாம், தலையில வச்சுத் தூக்கிட்டுப் போகலாம். அந்தச் சுருக்கல் நடந்திருக்கலேன்னா தோட்டத்து லயத்துக்கு முன்னாடி எந்த வாத்தியம் போயிருக்கும்? வீணை போயிருக்குமா?

ஆனா அந்தப் பொட்டியும் மாமாவுக்கு எட்டல. எட்டுனது அதுக்கும் கீழ் படியில இருந்த புல்புல்தாரா.

"அது வாத்தியமில்லப்பா"

அஞ்சு வருஷம் வாசிச்சிருக்காரு. யாரும் சொல்லித்தரல. கம்பி அறுந்தா வாங்க மதுரைக்குப் போகணும், அதனால சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரிச்சு அதுல ஒரு இழையை உருவிக் கட்டுவாராம். மீட்டுறதுக்கு சோப்பு டப்பா மூடியை வெட்டிக்கிறது. அப்புறம் 1984ல பக்கத்து ஊர்ல ஒரு மெல்லிசைக் குழுவுல சேரலாம்னு தூக்கிட்டுப் போயிருக்காரு. குழுவை நடத்துனவரு ஒரு பாட்டை முழுசாக் கூட கேக்கல. "இது திருவிழாச் சாமான், வாத்தியமில்லப்பா. வேற எதாச்சும் தெரிஞ்சா வா"ன்னு சொல்லி அனுப்பிட்டாராம். அன்னைக்கு கோணிச்சாக்குல சுத்துனதுதான். நாப்பது வருஷம்.

நாப்பது வருஷம் கழிச்சு அதே வசனத்தை நானும் சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கேன். "இதுவா மாமா பேன்ஜோ?"

நியாயமாப் பேசணும்னா, அந்தக் குழுக்காரர் சொன்னதுக்கு ஒரு பெரிய வரலாறே பின்னாடி இருக்கு. நம்ம சங்கீதம் வெளிநாட்டு வாத்தியத்தை வேண்டாம்னு சொன்னதே இல்ல. வயலின் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல முத்துசாமி தீட்சிதரோட தம்பி பாலுசாமி தீட்சிதர் காலத்துல உள்ள வந்தது. இன்னைக்கு அது இல்லாம கச்சேரி உண்டா? கிளாரினெட் வந்தது. கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனைக் கொண்டு வந்தாரு. யு. ஸ்ரீநிவாஸ் சின்னப் பையனா எலெக்ட்ரிக் மாண்டலினோட மேடை ஏறி எல்லாரையும் வாயடைக்க வச்சாரு. ஆனா ஆர்மோனியத்தை மட்டும் 1940ல இருந்து 1971 வரைக்கும் அகில இந்திய வானொலி உள்ளயே விடல. காரணம் ரெண்டு. ஒண்ணு, கமகம் வராது. சுரத்தை அசைக்க முடியாது, கட்டையை அமுக்குனா ஒரே சத்தம். ரெண்டு, அதோட சுருதிப் பிரிப்பு நம்மளோடது இல்ல. புல்புல்தாராவுக்கும் இந்த ரெண்டு குறையும் உண்டு. கோட்டோவோட வேலையைச் சுலபமாக்குன அதே பொத்தான்தான் விரலைக் கம்பியிலிருந்து பிரிச்சும் வச்சிருச்சு. வயலின்ல விரல் வழுக்கும், வீணையில கம்பியை இழுக்கலாம். இதுல பொத்தானை அமுக்குறதோட உங்க வேலை முடிஞ்சது.

மலிவுக்கு எங்கயோ ஒரு விலை கொடுக்கத்தான் வேண்டியிருக்கு. அது எவ்வளவுன்னு அளந்து பார்த்துரலாம்னு தோணுச்சு. இன்ஜினியர் புத்தி!

மூணு மில்லிமீட்டர்

மாமா கடையிலேயே ஸ்கேல் எடுத்து அளந்தேன். மாமா பொட்டியில கம்பியோட நீளம் சுமாரா 50 சென்டிமீட்டர். மெட்டு வைக்கிற கணக்கு பியானோ கணக்கு. ஒரு ஸ்தாயியைப் பன்னெண்டு சமபங்காப் பிரிக்கிறது. ஒவ்வொரு மெட்டுக்கும் மீதி நீளத்தை 1.0595ஆல வகுத்துக்கிட்டே போகணும், அவ்வளவுதான். நாலு வரி புரோக்ராம்.

இந்தக் கணக்குல பஞ்சமம் 16.63 சென்டிமீட்டர்ல வருது. சுத்தமான பஞ்சமம் கம்பியில சரியா மூணுல ஒரு பங்குல இருக்கணும், அதாவது 16.67. வித்தியாசம் அரை மில்லிமீட்டர் கூட இல்ல. காதுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா அந்தர காந்தாரம்? சுத்தமானது அஞ்சுல ஒரு பங்குல, சரியா 10 சென்டிமீட்டர். சமபங்கு மெட்டு நிக்கிறது 10.31ல. மூணு மில்லிமீட்டர் தள்ளி! தம்புரா சுருதியோட சேர்த்துக் கேட்டா காந்தாரம் கொஞ்சம் தூக்கலா, கூசுற மாதிரி ஒலிக்கிறது இதனாலதான். வானொலிக்காரங்க முப்பது வருஷம் கதவைச் சாத்துனதுல பாதிக் காரணம் இந்த மூணு மில்லிமீட்டருக்குள்ள இருக்கு.

பழைய பேன்ஜோவுல மெட்டே கிடையாதுன்னு சொன்னேன்ல? குடுக்கை பேன்ஜோ வாசிச்சவன் விரல் இந்த மாதிரி இடைப்பட்ட இடங்கள்ல தாராளமா நின்னிருக்கும். தொழிற்சாலை மெட்டு வந்ததும் அது போச்சு. இன்னைக்கு 1858 மாடல் நகலைத் தேடி எடுத்து வாசிக்கிறவங்க தேடுற விஷயங்கள்ல இதுவும் ஒண்ணு.

கண்டுபிடிச்ச சந்தோஷத்துல மாமாகிட்ட சொன்னேன். "மாமா, இந்த ஒரு மெட்டை மட்டும் மூணு மில்லிமீட்டர் இடது பக்கம் நகட்டிருவோம். காந்தாரம் சுத்தமா வந்துரும்."

மாமா துருப்பிடிச்ச கம்பியைக் கழட்டிக்கிட்டே, தலையை நிமிர்த்தாம சொன்னாரு: "நகட்டாத மாப்ள. நான் எல்லாப் பாட்டையும் ஒரே பொத்தான்ல ஆரம்பிக்க மாட்டேன். பாடுறவன் குரலுக்குத் தக்கன இடத்தை மாத்துவேன். நீ அதை நகட்டிட்டா ஒரு பாட்டு நல்லா இருக்கும், மத்த பாட்டெல்லாம் கெட்டுரும். அதுக்குத்தான் அந்த ஓரத்துல ரீங்காரம் போடுற ரெண்டு கம்பியையும் அப்பவே கழட்டிப்புட்டேன். அது ஒரே சுருதியில நின்னுக்கிட்டு சண்டை போடும்."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. சமபங்குப் பிரிப்பு எதுக்குன்னு ஐரோப்பாவுல ரெண்டு மூணு நூற்றாண்டு பேசி முடிச்சதோட சாரம் இதுதானே. எந்தச் சுரத்துல ஆரம்பிச்சாலும் ஒரே மாதிரி ஒலிக்கணும்னா ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும். பத்தொம்பது வயசுல, வாத்தியார் இல்லாம, சினிமாப் பாட்டுக்கு வாசிச்சே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்காரு. அவருகிட்ட இருந்த பொட்டி மட்டமா இருந்திருக்கலாம். அதைக் கேட்ட காது மட்டமில்ல. அந்தக் குழுக்காரர் ஒரு பாட்டை முழுசாக் கேட்டிருந்தா இது தெரிஞ்சிருக்கும்.

எல்லா மலிவு வாத்தியமும் நல்ல வாத்தியம்னு நான் சொல்ல வரல. கமகம் வராதுங்கிறது உண்மை, மூணு மில்லிமீட்டரும் உண்மை. ஆனா குடுக்கை பேன்ஜோ, கேட்டலாக் பேன்ஜோ, குட்டைம், தைஷோகோட்டோ, கைத்துருத்தி ஆர்மோனியம்னு எதை எடுத்தாலும் ஒரே கதைதான். யாரோ ஒருத்தர் ஒரு பழைய வடிவத்துலருந்து எதையோ கழிச்சாரு, அதனால அதுவரைக்கும் வாசிக்காத ஒருத்தன் வாசிச்சான். அமெரிக்காவுல அந்த 'மட்டமான' பழசைத் தேடிப் பிடிச்சு இன்னைக்குப் புதுசா செய்யறாங்க. ஜப்பான்ல பெரியவங்க கூட்டமா உக்காந்து தைஷோகோட்டோ வாசிக்கிற மன்றங்கள் இருக்கு. பலுசிஸ்தான்ல அதுக்கு உஸ்தாதுகளே வந்தாச்சு. எங்க ஊர்ல அது கோணிச்சாக்குல சுத்தி பரண்ல இருந்துச்சு.

லீவு முடியறதுக்குள்ள ரெண்டு பேருமா உக்காந்து பொட்டியை ஒரு மாதிரி தேத்திட்டோம். மதுரையில ஒரு கடையில மாண்டலின் கம்பி வாங்கிக் கட்டியாச்சு. செத்துப்போன பொத்தான்களுக்கு மாமா பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டாரு, கனகச்சிதமா உக்காந்துச்சு. துடைச்சப்ப மூடியில ஒரு சின்னத் தகடு. இங்கிலீஷ்ல 'இண்டியன் பேன்ஜோ'ன்னு எழுதியிருந்தது. அதைப் பார்த்துட்டு மாமா என்னைப் பார்த்தாரு. "நல்லாப் படி"ன்னாரு :)

அன்னைக்கு சாயங்காலம் 'அன்னக்கிளி' பாட்டு ஒண்ணு வாசிச்சாரு. ரெண்டு இடத்துல விரல் தடுமாறுச்சு. அம்மாச்சி உள்ளயிருந்து, "ஏண்டா, அதை இன்னுமா வச்சிருக்க?"ன்னு சத்தம் போட்டாங்க. அவங்களே அப்புறம் திண்ணையில வந்து உக்காந்துட்டாங்க.

அமெரிக்கா பேன்ஜோ இன்னும் கார்ட்லதான் கிடக்கு. வாங்க மாட்டேன்னு சத்தியம் எல்லாம் பண்ணல. ஆனா அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப முதல்ல இதுல ஒரு பாட்டு கத்துக்கிறதா மாமாகிட்ட சொல்லியிருக்கேன். நேத்து போன் பண்ணி, "ஒரு பொத்தான் மறுபடி மக்கர் பண்ணுது, வர்றப்ப பழைய பேனா நாலு எடுத்துட்டு வா"ன்னாரு. ஆபீஸ்ல யாரும் பேனால எழுதுறதே இல்ல, எங்க தேடப் போறேனோ!

உங்க வீட்டுப் பரண்லயும் இப்படி ஒரு பொத்தான் பொட்டி கிடக்கலாம். எறக்கித் துடைச்சு, தகட்டுல என்ன பேரு எழுதியிருக்குன்னு பாருங்க. அதை யாரு வாசிச்சாங்கன்னும் வீட்டுல கேட்டுட்டு வந்து சொல்லுங்க.